மூடினால் தூங்குமா?

ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தேன். பெல் வில்லாஜ் தாண்டுவதற்குள் தொடை சுட ஆரம்பித்தது. மடியில் இருந்த பைதான் காரணம். உள்ளே இருந்த லேப்டாப்பை முந்தின இரவே மூடி வைத்திருந்தேன். காலையில் அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவன். போர்ட் லூயியில் இறங்கித் திறந்தால் விசிறி இரைகிறது, பேட்டரி நாலு சதவீதம். ராத்திரி நூறு இருந்தது. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. விலை 46,000 ரூபாய், நம் ஊர் ரூபாய் அல்ல, மொரீஷியஸ் ரூபாய்.

கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை. பையன் விண்டோஸ் போட்ட இன்னொரு பெட்டியை எடுத்து மூடிக் காட்டினான், அது சமர்த்தாக இருந்தது. "நீங்கள் வேறு ஏதோ போட்டிருக்கிறீர்கள், திரும்ப வாங்க முடியாது" என்று கிரியோலில் சொல்லிவிட்டான். பா கபாவ், அதாவது முடியாது. இந்தத் தீவுக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட கிரியோல் வார்த்தை அதுதான்.

நான் போட்டிருந்த அந்த 'வேறு ஏதோ'வின் பெயர் க்யூப்ஸ் ஓஎஸ்.

அது எனக்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கும்பகோணத்துக்காரன், இங்கே வந்து ஒன்பது வருஷம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றுக்கும் நடுவில் ஓடித்திரியும் மொழிபெயர்ப்பு வேலை. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்திருந்தபோது, இந்திய வம்சாவளி மொரீஷியர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். அதிலிருந்து என் மேஜை நிரம்பிவிட்டது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்த நகல், தாத்தாவின் பிறப்புச் சான்று, பாட்டியின் கல்யாணப் பத்திரம், எல்லாருடைய பாஸ்போர்ட் என்று ஸ்கேன் ஸ்கேனாக வரும். முத்துசாமி என்ற பெயரை அந்தக்கால குமாஸ்தா காதில் விழுந்தபடி ஐந்து விதமாக எழுதி வைத்திருப்பார். அந்த ஐந்தும் ஒரே ஆள்தான் என்று விளக்கி எழுதுவது என் வேலையில் பாதி.

ஆக, முகம் தெரியாதவர்கள் அனுப்புகிற பிடிஎஃப்பைத் திறப்பதுதான் என் பிழைப்பு. அதே பெட்டியில் முந்நூறு குடும்பங்களின் பாஸ்போர்ட் நகலும் கிடக்கிறது. ஒன்றில் விஷம் இருந்தால் மற்றதெல்லாம் போச்சு.

இது நெடுநாளாகத் தெரிந்ததுதான், ஆனாலும் சோம்பல். 2024 அக்டோபரில் 'மிஸ்யே முஸ்தாஸ்', அதாவது மீசைக்காரர், என்ற பெயரில் யாரோ அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் என்று பலருடைய தொலைபேசிப் பேச்சுகளை இணையத்தில் ஒன்றொன்றாக வெளியிட்டார்கள். தீவே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு திரிந்தது. தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், நவம்பர் 1ஆம் தேதி சமூக வலைத்தளங்களை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது, மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. பஸ்ஸில், கோயிலில், தால் பூரிக் கடை வரிசையில் எல்லாம் அதே பேச்சு. என்னுடைய ஃபைல்களை ஒட்டுக்கேட்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் நம்பிக் கொடுத்தது என்னிடம் இருக்கிறது என்ற கணக்கு அந்த வாரம்தான் உறைத்தது.

க்யூப்ஸ் என்ன செய்கிறது? தைப்பூசக் காவடி முடிந்து இங்கே கோயில்களில் ஏழு கறியோடு இலை போடுவார்கள். இலையில் கறிகள் ஓரமாகத் தனித்தனியாகத்தான் விழும், ரசம் வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும். சாதாரணக் கணினி அந்த இலை. க்யூப்ஸ் அடுக்கு டிபன் கேரியர். சென் என்ற மேலாளர் நிரல் அடியில் உட்கார்ந்து ஒரே கணினியைப் பல கணினிகளாகப் பிரிக்கிறது. வங்கிக்கு ஒரு தட்டு, வாடிக்கையாளர் ஃபைலுக்கு ஒன்று, இணையமே இல்லாத பெட்டகம் ஒன்று. திறந்து பார்த்து மூடியதும் தானாக அழிந்துபோகும் தட்டும் உண்டு. சந்தேகப் பிடிஎஃப் எல்லாம் அங்கேதான். எந்த ஜன்னல் எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று அதன் விளிம்பு நிறம் சொல்லிவிடும். 2010இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா அறிவித்த திட்டம், முதல் முழுப் பதிப்பு 2012இல் வந்தது. 'ஓரளவு பாதுகாப்பான இயங்குதளம்' என்று தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் இவ்வளவு அடக்கத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இந்தத் தட்டுகளை இறுக்கமாகப் பிரித்து வைப்பதற்கு வன்பொருள் ஒத்துழைக்க வேண்டும். என் முதல் தவறு இங்கேதான். லேப்டாப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இதில் க்யூப்ஸ் ஓடுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கடை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது ஒன்றும் உதவாது. கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு என்று பெருமையாகப் போட்டிருந்தது. க்யூப்ஸில் அந்தத் தட்டுகள் எதற்கும் கிராஃபிக்ஸ் வேகம் கிடைக்காது, எல்லாவற்றையும் பிராசசரே வரைகிறது. கூடுதல் கார்டு சும்மா உட்கார்ந்து சூடாகும், பல நேரம் நிறுவும்போதே தகராறு பண்ணும். என்விடியா இருந்தால் சிரமப்பட வேண்டிவரலாம் என்று க்யூப்ஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸே போதும், அதுதான் நல்லது. எட்டு கோர், பதினாறு த்ரெட் என்றும் போட்டிருந்தது. 2018இல் பிராசசர்களில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்ததிலிருந்து ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை க்யூப்ஸ் தானாகவே அணைத்து வைத்துவிடுகிறது. ஆகவே த்ரெட் கணக்கை அடித்துவிட்டுக் கோரை மட்டும் எண்ண வேண்டும். ரேம் எட்டு ஜிபி, போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. ஆறு ஜிபியில் ஏறும் என்று ஆவணம் சொல்கிறது. ஏறும், ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. தட்டு ஒவ்வொன்றும் தனிக் கணினி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சோறு. பதினாறு இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கட்சி, முப்பத்திரண்டு இருந்தால் நிம்மதி.

பெட்டியில் அச்சடிக்காத விஷயங்கள்தான் முக்கியம். விடி-டி என்ற வசதி இருந்தே ஆகவேண்டும். வைஃபை கார்டு மாதிரியான சாதனங்கள் பிராசசரைக் கேட்காமலே நினைவகத்தில் கைவைக்கக் கூடியவை. க்யூப்ஸ் அந்தக் கார்டைத் தனித்தட்டில் அடைத்து, உன் எல்லை இவ்வளவுதான் என்று வேலி போடுகிறது. வேலிக்கம்பு விடி-டி. ஏஎம்டியிலும் இதே வசதி உண்டு, பெயர் மட்டும் வேறு. ஆனால் ஏஎம்டி லேப்டாப்களுக்கு, பிராசசரின் ஓட்டைகளை அடைக்கும் மைக்ரோகோட் திருத்தம் ஒழுங்காக வந்து சேர்வதில்லை என்று க்யூப்ஸ்காரர்கள் இன்டெல் பக்கமே சாய்கிறார்கள், நானும் அப்படியே போனேன்.

இனி தூக்கம். என் தொடையைச் சுட்ட சமாச்சாரம்.

லேப்டாப் தூங்குவதில் இரண்டு வகை. பழைய முறைக்கு எஸ்3 என்று பெயர்: ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். ஒரு ராத்திரிக்கு நாலைந்து சதவீதம் போகும், அவ்வளவுதான். புதுமுறையில் லேப்டாப் உண்மையில் தூங்குவதில்லை. ஃபோன் மாதிரி அரைக்கண் மூடி முழித்துக்கொண்டே இருக்கும், மெயில் வந்தால் வாங்கி வைக்கும். விண்டோஸுக்கு அது பழகிவிட்டது. சென்னோ எஸ்3 காலத்துப் பிள்ளை, அரைத்தூக்கத்தோடு அதற்கு இன்னும் சரியாக ஒத்துப்போகவில்லை. 2020க்குப் பிறகு வந்த இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3யை அடியோடு எடுத்துவிட்டார்கள். மூடினால் திரை அணையும், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், பை அடுப்பாகும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, கெர்னல் செய்திகளில் தூக்க நிலைகளைச் சொல்லும் வரியைத் தேடுங்கள். 'சப்போர்ட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரிசையாக எழுதியிருக்கும். என் 46,000 ரூபாய்ப் பெட்டியில் எஸ்0, எஸ்4, எஸ்5 என்று இருந்தது. நடுவில் மூன்று இல்லை, முன்பல் போன சிரிப்பு மாதிரி. அந்த ஒரு வரியை வாங்குவதற்கு முன் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அதைத் தெரிந்தவர் மூலம் ஒரு கல்லூரி மாணவனுக்கு விற்றேன். நஷ்டம் எவ்வளவு என்று இங்கே எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

இரண்டாவது முறை நிதானமாகப் போனேன்.

க்யூப்ஸ் திட்டமே சோதித்துச் சான்று கொடுத்த லேப்டாப்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் நைட்ரோகீ, நெதர்லாந்தின் நோவாகஸ்டம், இங்கிலாந்தின் ஸ்டார் லேப்ஸ் ஆகியவை விற்கின்றன. ஐரோப்பாவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒன்றை வாங்கிவிடுவேன். இங்கே உட்கார்ந்துகொண்டு விமானச் சரக்குக் கட்டணமும் பதினைந்து சதவீத வாட்டும் சேர்த்துப் பார்த்தால் கண் தானாகவே திறந்துகொள்கிறது. ஒரு விசைப்பலகை பழுதானால்கூடப் பெட்டியை இந்து மகாசமுத்திரம் தாண்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்து ஏறத்தாழ வேதம் போல ஓதப்படும் திங்க்பேட் எக்ஸ்230, டி430. இரண்டும் 2012இல் வந்தவை. அடிமட்ட ஃபர்ம்வேரையே எடுத்துவிட்டு ஹெட்ஸ் என்ற திறந்த நிரலைப் போடலாம் என்பதால் இவற்றுக்குத் தனி பக்தர் கூட்டம் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. அந்த வயது பிராசசர்களுக்கு இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. புதிதாக ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆளில்லை. ரேமும் பதினாறுக்கு மேல் ஏறாது. பழசு என்றாலே பத்திரம் என்று நினைப்பது நம் ஆட்களின் பித்தளைப் பாத்திர மோகம் மாதிரி.

நடுவழி ஒன்று வேண்டும். க்யூப்ஸ் பயனர்கள் தங்கள் மிஷின்களைச் சோதித்து அனுப்பிய அறிக்கைகளின் பட்டியலில் மூன்று ராத்திரி கிடந்தேன். எஸ்3 உண்டு, நாலு கோர், ரேம் ஸ்லாட் இரண்டு, இன்டெல் வைஃபை, ஊரில் கிடைக்கக் கூடியது என்று வடிகட்டியதில் திங்க்பேட் டி480 நின்றது. 2018இல் வந்தது, இன்டெல் எட்டாம் தலைமுறை. அதற்கு முந்தின ஏழாம் தலைமுறையில் இந்த வகை பிராசசருக்கு இரண்டே கோர்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறுவதும் அரிது. அதனால் அவை கொள்ளை மலிவாகக் குவிகின்றன. மலிவைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது, த்ரெட்டை அணைத்தபின் இரண்டு கோரில் ஐந்து தட்டு ஓட்டிப் பாருங்கள், தெரியும். டி480க்கு இன்னொரு வசதி, பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே உள்ளதை மிஷின் ஓடும்போதே கழற்றி மாற்றலாம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது மின்சாரம் போய் உட்கார்ந்திருந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

போர்ட் லூயியில் ஐரோப்பிய அலுவலகங்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்களை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வாத்தியார் ஐயாவைத் துணைக்கு அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபத்தொரு வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். எனக்கு வரும் ஓசிஐ வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அவர் அனுப்புகிறவர்கள். அவர் பேசுவது பாடப்புத்தகத் தமிழ், என் தமிழைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கிரியோலில் விலை பேச அவரை மிஞ்ச ஆளில்லை.

பையில் ஒரு எஸ்எஸ்டி இருந்தது. க்யூப்ஸை வெளிவட்டு ஒன்றில் முன்கூட்டியே நிறுவிக்கொண்டு போய்விட்டேன். க்யூப்ஸின் கையொப்பச் சாவிக்கு நாற்பது எழுத்துள்ள கைரேகை உண்டு, நாம் இறக்கிய கோப்பு அசல்தானா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் இணைப்பை மட்டும் நம்பாமல் கும்பகோணத்தில் தங்கையை அவள் ஃபோனில் தேடிப் படிக்கச் சொன்னேன். "கடைசி நாலு 9494. யாரோட நம்பர்ணா இது?" என்றாள்.

கடைக்காரப் பையன் முதலில் எடுத்துக் கொடுத்த டி480 பளபளவென்று இருந்தது. எஃப்1 அழுத்தி, வன்பொருள் அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் போனேன். கடவுச்சொல் கேட்டது. பையனுக்குத் தெரியாது. முதலில் வைத்திருந்த அலுவலகம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது. அது இல்லாமலும் விண்டோஸ் ஓடும், ஆனால் பூட்டை அவிழ்க்காமல் விடி-டியைத் திறக்க முடியாது, 'செக்யூர் பூட்' என்ற துவக்கச் சோதனையை அணைக்க முடியாது. இரண்டும் க்யூப்ஸுக்கு அவசியம். அதைத் தள்ளி வைத்தேன். "இவ்வளவு அழகாக இருக்கிறதே தம்பி, இதற்கு என்ன குறை?" என்றார் ஐயா. சாவி இல்லாத வீடு என்றேன். ஆகட்டும் என்று தலையாட்டினார்.

அடுத்ததில் கூடுதலாக என்விடியா சில்லு இருந்தது, அதுவும் வேண்டாம். மூன்றாவதில் திரை 1366 வகை, இரண்டு ஜன்னல் திறந்தாலே நெரிசல். நாலாவதில் மூடியின் மூலையில் சின்னக் கீறல், உள்ளங்கை படும் இடத்தில் ஏதோ ஸ்டிக்கர் பிய்த்த பசை. பயாஸ் திறந்தது. செக்யூரிட்டிப் பக்கத்தில் திருட்டுக் கண்காணிப்பு நிரலின் நிலையைப் பார்த்தேன், யாரும் முடுக்கி விட்டிருக்கவில்லை. விர்ச்சுவலைசேஷன் பக்கத்தில் விடி-டியையும் அதன் கூட்டாளி விடி-எக்ஸையும் ஆன் செய்தேன். எஸ்எஸ்டியைச் செருகி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து துவக்கினேன்.

டாம்0 என்பது க்யூப்ஸின் உள்ளறை, அங்கே ஒரு டெர்மினலைத் திறந்து வன்பொருள் அறிக்கைக் கட்டளையை அடித்தேன். ஒவ்வொரு வரியாக விழுந்தது. எச்விஎம்: ஆக்டிவ். ஐஓ எம்எம்யூ: ஆக்டிவ். எஸ்எல்ஏடி: யெஸ். டிபிஎம் இருக்கிறது. ரீமேப்பிங்: யெஸ். க்யூப்ஸ் கேட்பதெல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். கடைப் பையன் என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்துவிட்டு ஐயாவிடம் மெதுவாக ஏதோ கேட்டான். அவர் சிரித்துவிட்டார். நான் போலீஸா என்று கேட்டானாம்.

பிறகு மூடியைச் சாத்தினேன். கடைக்குள் மூன்று பேரும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விசிறி நின்றது. நானாகப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்ததால், எதிர்க்கடையில் காத்தோ பிமா வாங்கிவரப் போனோம். பெயர் பிரெஞ்சு, பொருள் நம்ம பருப்பு வடை, சுண்டைக்காய் அளவில். திரும்பி வந்து கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. திறந்தேன், விட்ட இடத்திலிருந்து எழுந்தது. வைஃபை கார்டைக் கையால் வலைத்தட்டுக்கு மாற்றிக் கொடுத்ததும் கடையின் இணைப்பு பிடித்தது.

14,000 சொன்னதை ஐயா 12,500க்கு இறக்கினார். கீறலைக் காட்டிப் பேசினார்.

வீட்டுக்கு வந்து பதினாறு ஜிபி துண்டுகள் இரண்டு போட்டேன். பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன், டைப்-சி முனையை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டேன். டி480 வாங்குபவர்கள் மறக்கக் கூடாத வேலை. பழைய பதிப்பிலேயே விட்டால் அந்த டைப்-சி முனை கடைசியில் செத்துப்போகும் என்பது தெரிந்த விஷயம். பிறகு க்யூப்ஸை முறையாக நிறுவினேன். கேமரா, புளூடூத், கைரேகை வாசிப்பான் எல்லாமே உள்ளுக்குள் யூஎஸ்பி சாதனங்கள்தான். மொத்தத்தையும் யூஎஸ்பித் தட்டில் அடைத்தாயிற்று. இங்கே ஒரு கண்ணி உண்டு: விசைப்பலகையும் யூஎஸ்பியாக இருந்தால் அதுவும் அதே சிறையில் போய்விடும், துவக்கத்தில் வட்டின் கடவுச்சொல்லை அடிக்க வழியில்லாமல் பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்போம். திங்க்பேடின் சொந்த விசைப்பலகை பழைய பிஎஸ்2 வழியில் வருவதால் அந்தப் பயமில்லை. மேஜைக்கணினியில் க்யூப்ஸ் போட நினைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

அப்படியும் நான் வெளியே நின்றேன். காரணம் வேறு.

மொரீஷியஸில் ஆங்கில விசைப்பலகையும் விற்கும், பிரெஞ்சும் விற்கும். பிரான்ஸ் அலுவலகத்திலிருந்து வந்த என் டி480இல் இருந்தது பிரெஞ்சு அசெர்ட்டி. நிறுவும்போது அதையே தேர்ந்தெடுத்து, சாவிகளைப் பார்த்துக் கடவுச்சொல் வைத்தேன். பிறகு இன்னும் ஒரு விசைப்பலகை அமைப்பைச் சேர்த்து வரிசையை நோண்டிவிட்டேன். மறுநாள் துவக்கினால் கடவுச்சொல் தவறு என்கிறது. திரும்பத் திரும்பத் தவறு. வேர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது, அந்தத் திரை என் விரலை அமெரிக்க அமைப்பில் படிக்கிறது. அசெர்ட்டியில் ஏ இருக்கும் இடத்தில் அங்கே கியூ. எம் இருக்கும் இடத்தில் செமிகோலன். என் கடவுச்சொல் தொடரில் 'அம்மா' இருந்தது. நான் அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடிக்க, அது கியூ, செமிகோலன், செமிகோலன், கியூ என்று வாங்கிக்கொண்டிருக்கிறது. பெற்ற தாயை அடையாளம் தெரியாமல் ஒரு கணினி.

இரண்டு அமைப்பிலும் இடம் மாறாத எழுத்துகளை மட்டும் வைத்துக் கடவுச்சொல் அமைத்தால் இந்த வம்பே வராது. ஏ, கியூ, இசட், டபிள்யூ, எம் ஐந்தையும் தவிர்க்க வேண்டும், எண்களும் குறிகளும் கூடாது, நீளத்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளலாம். சொல்வது எளிது. ஏ என்ற எழுத்து இல்லாமல் தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். குயில், நெல்லி, புளி, துளி என்று ஐயாவும் நானும் ஒரு மாலை முழுக்கத் தேடினோம். அவருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி குஷி. இந்த நாலும் என் கடவுச்சொல்லில் இல்லை, சிரமப்பட வேண்டாம்.

தமிழ் தட்டச்சு எப்படி என்று கேட்பீர்கள். மூல வார்ப்புத் தட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு நிரலை நிறுவினால் அதிலிருந்து பிறக்கிற எல்லாத் தட்டிலும் தமிழ்99 கிடைக்கிறது. எனக்குக் குழப்பம் கொடுத்தது ஜன்னல் தலைப்பு. ஃபைலைத் தமிழில் பெயரிட்டுத் திறந்தால் உள்ளே தமிழ் சரியாகத் தெரியும், ஜன்னலின் தலைப்புப் பட்டையில் மட்டும் வெறும் அடிக்கோடுகளாக வரும். ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஒருநாள் வீணடித்தேன். கோளாறே இல்லை, வேண்டுமென்றே செய்தது. தலைப்பை வரைவது டாம்0. வெளித்தட்டில் உள்ள ஏதோ ஒன்று விபரீதமான எழுத்துக்கோவையை அனுப்பி, அதை வரையும்போது உள்ளறை தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் அடிக்கோடாக்கிவிடுகிறார்கள். எரிச்சலாக இருந்தது. நம் மொழி ஒரு அபாயமா என்று. பிறகு ரஷ்யனும் சீனனும் அதே வரிசையில்தான் நிற்கிறான் என்று புரிந்தது, கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக இதைத் திறந்துவிட வழி உண்டு. இணையம் இல்லாத பெட்டகத் தட்டுக்கு மட்டும் திறந்துவிட்டேன். வெளியிலிருந்து வருவதெல்லாம் எனக்கு இன்னும் அடிக்கோடுதான்.

போன வாரம் ஐயா வீட்டுக்கு வந்திருந்தார், கையில் ஒரு பென் டிரைவ். மஹேபூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பதிவேட்டு நகல். அதைச் செருகினேன். யூஎஸ்பித் தட்டில் போய் நின்றது, அங்கிருந்து அழியும் தட்டு ஒன்றில் பிடிஎஃப் திறந்தது, சிவப்பு விளிம்போடு. தாமதமாகத்தான் திறந்தது, பதினைந்து விநாடி இருக்கும். "உங்கள் புதிய கணினி மெதுவாக இருக்கிறதே" என்றார். கப்பலில் வந்தவரின் பெயர், தகப்பன் பெயர், உயரம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. ஊர்ப்பெயர் மட்டும் புரியவில்லை. அவர் ஒரு ஊர் சொன்னார், நான் ஒரு ஊர் சொன்னேன். முடிவாகவில்லை, எழுந்து தேநீர் போடப் போனோம். போகும்போது பழக்கதோஷத்தில் மூடியைச் சாத்தினேன்.

திரும்பி வரும்போது ஐயா முன்னால் வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். மூடியின் மேல் திங்க்பேட் என்ற எழுத்தில், ஐக்கு மேல் இருக்கும் சிவப்புப் புள்ளி மெல்லக் கூடி மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.

"மூச்சு விடுகிறது தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி.